ஜி.ஆர்.ஈ மாதிரித் தேர்வுகள்: அளக்க எது, பழக எது?

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ பல்கலைக்கழக இறுதியாண்டில் இருக்கும் ஒருவர், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் ஜி.ஆர்.ஈ பரீட்சையை எழுதப் போகிறேன் என்று சொன்னால், அடுத்ததாகக் கேட்பது “எந்த டெஸ்ட் செய்து பார்த்தால் நல்லம் அண்ணா?” என்பதுதான். பவர்பிரெப், மன்ஹாட்டன், கப்லான், மகூஷ், கிரெக்மாட் என்று பயிற்சி தருவோரின் பட்டியல் நீளம். கையில் காசு குறைவு. என்னைக் கேட்டால், எத்தனை புள்ளி வரும் என்று அறியப் பவர்பிரெப் மட்டும், கை பழக மற்றதெல்லாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசும் போகும், தன்னம்பிக்கையும் போகும்.

பவர்பிரெப்பில் இரண்டு தேர்வுகள் இலவசம். பரீட்சையை நடத்தும் ஈ.ரி.எஸ் நிறுவனமே தயாரித்தவை. திரை அதே, கல்குலேட்டர் அதே, முதல் பகுதியை நீங்கள் செய்த விதத்தைப் பார்த்து இரண்டாம் பகுதியைக் கடினமாக்கும் அல்லது இலகுவாக்கும் முறையும் அதே. ஆனால் எது சரி, எது பிழை என்று காட்டுமே தவிர ஏன் என்று சொல்லாது. விளக்கம் வேண்டுமென்றால் பவர்பிரெப் பிளஸ். அதில் மூன்று தேர்வுகள். ஒன்று ஏறத்தாழ 40 டொலர், எங்கள் காசில் பத்தாயிரத்துக்கு மேல். பரீட்சைக்கே 220 டொலர் கட்டும் வீட்டில் மூன்றையும் வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்று போதும், அதுவும் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது. இலவசத் தேர்வுகளைத் திரும்பச் செய்யலாம்தான். ஆனால் கேள்விகள் மாறாது, ஆகவே இரண்டாம் தரம் வரும் புள்ளியை நம்ப முடியாது. கேள்வி வகைகள் ஓரளவு பழகிய பிறகே முதலாவதைத் தொடுங்கள்.

மற்றவர்களின் தேர்வில் வரும் புள்ளியை நான் நம்பாததற்குக் காரணம் கேள்விகளின் குணம். ஒரு பக்கம் ஓர் எண்ணின் வர்க்கம், மறுபக்கம் அதே எண், எது பெரிது? ஏ.எல்லில் இணைந்த கணிதம் செய்தவரின் கை யோசிக்காமலே வர்க்கத்துக்குப் போகும். எண் ½ என்றால் வர்க்கம் ¼ தானே. எண் 1 என்றால் இரண்டும் சமம். எனவே தந்த தகவலை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் விடை. ஈ.ரி.எஸ் கணிதம் பெரும்பாலும் இப்படித்தான், வேலை சின்னது, பொறி பெரியது. மன்ஹாட்டன் கணிதத்தில் படிகள் கூட, கணக்குக் கனம். அங்கே புள்ளி குறைந்தால் மனம் உடைய வேண்டாம்; பயிற்சிக்கு அந்தக் கனம் நல்லது.

மொழிப் பகுதியில் கதை வேறு. வசனத்தின் வெற்றிடத்துக்கு ஆறு சொற்களில் இரண்டைத் தெரிவு செய்யும் கேள்வியில், ஒரே பொருளுள்ள சோடி ஒன்றை ஈ.ரி.எஸ் வேண்டுமென்றே போட்டு வைக்கும். அந்தச் சோடி வசனத்துக்குப் பொருந்தாது. சொற்பட்டியலை மனனம் செய்தவர் நேரே போய் அதில் விழுவார். இந்த நுணுக்கத்தை வெளியார் தேர்வுகள் சரியாகப் பிடிப்பது அரிது. தமிழ் மொழிமூலம் படித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளி போகும் இடமும் இதுதான். ஆகவே மொழிக்கு ஈ.ரி.எஸ் வெளியிட்ட பயிற்சி நூலையே முதலில் முடியுங்கள், அதில் 150 கேள்விகள் உண்டு.

அப்புறம், விடுதியில் கைமாறும் போட்டோக்கொப்பிகள். சுருள்கம்பி போட்ட பிரதியில் முன்பு படித்தவர் பென்சிலால் விடைகளுக்கு வட்டம் போட்டிருப்பார். அவர் போட்டது பிழையாக இருந்தாலும் கண் அங்கேதான் போகும், முதலில் அழிறப்பரை எடுங்கள். பிறகு ஆண்டைப் பாருங்கள். 2023 செப்டெம்பரில் பரீட்சை 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கியது. இப்போது மொழியில் 18 நிமிடத்துக்கு 12 கேள்வி, 23 நிமிடத்துக்கு 15. கணிதத்தில் 21 நிமிடத்துக்கு 12, 26 நிமிடத்துக்கு 15. பழைய நூல்களில் பகுதிக்கு 20 கேள்வி இருக்கும். கேள்விகள் பழுதில்லை, நேரத்தை நீங்களே வெட்டி அளந்துகொள்ள வேண்டும். 2011க்கு முந்தியது என்றால் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தாண்டிப் போங்கள், அவை இப்போது வருவதில்லை. வாசிப்புப் பந்திகள் மட்டும் இன்றும் பெறுமதியானவை.

மகூஷ், கிரெக்மாட் இரண்டும் சந்தா கட்டிப் பாடம் கேட்க நல்லம். மன்ஹாட்டனின் உரிமையாளர் கப்லான்தான். அதனால் இரண்டுக்கும் தனித்தனியே செலவழிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எங்கே இருந்து செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். முல்லைத்தீவுப் பக்கம் போன் டேட்டாவில் இரண்டு மணி நேரத் தேர்வைத் தொடங்கி, நடுவில் கரண்ட் போனால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லை. பவர்பிரெப்பைக் கம்பஸ் இணையத்தில் செய்யுங்கள், புத்தகத்தை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதும் வழியும் உண்டு, ஆனால் அறைக்குள் வேறு ஒருவரும் வரக்கூடாது. அம்மம்மா கதவைத் திறந்து “தேத்தண்ணி வேணுமோ” என்று கேட்டாலே சிக்கல். கொழும்புக்குப் போய் எழுதுவதானால் இரவு பஸ்ஸில் இறங்கிய காலையிலேயே போய் உட்காராமல் முதல் நாளே போய்விடுவது நல்லம்.

இன்னொன்று, கட்டுரை. இலவசத் தேர்வுகளில் அதற்குப் புள்ளி வராது என்பதால் பலர் அந்த அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டு நேரே கேள்விகளுக்குப் போகிறார்கள். களைப்பில்லாத மூளையோடு எடுக்கும் புள்ளி அது. உண்மைப் பரீட்சையில் கட்டுரைதான் முதலில் வரும். எனவே புள்ளி வராவிட்டாலும் இருந்து எழுதுங்கள், அதுவும் ஆங்கில விசைப்பலகையில் தட்டச்சு செய்து.