பத்தாம் வகுப்பில் போர்டிங் ஸ்கூல்: எக்ஸிட்டரா, டீர்ஃபீல்டா, குரோட்டனா?

அமெரிக்காவில் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டு, ஒரு மாதம் போனதும் 'பத்தாவதுக்காவது போர்டிங் ஸ்கூல் அனுப்பலாமா' என்று யோசிக்கிற பெற்றோர் முதலில் தேடுவது தரவரிசைப் பட்டியலைத்தான். அதை ஓரமாக வையுங்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வியே வேறு: கூடவே புதிதாகச் சேர்கிறவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே ஒரு வருடம் ஒன்றாக இருந்து கூட்டாளி பிடித்துவிட்டவர்களோடு இவர்களைக் கலக்கப் பள்ளி என்ன செய்கிறது?

நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள எக்ஸிட்டர் (1781), மாசசூசெட்ஸில் உள்ள ஆண்டோவர் (1778) இரண்டிலும் ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள், பத்தாம் வகுப்புக்கும் கணிசமாகப் புது ஆட்களை எடுக்கிறார்கள். பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்த்து இடம் தருவதோ மறுப்பதோ இரண்டிலும் கிடையாது.

எக்ஸிட்டரின் ஆட்டமே தனி. முட்டை வடிவ ஹார்க்னஸ் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் அளவில் உட்கார்ந்து பேசியே பாடம் நடக்கும். கணக்குக்குக்கூட வழக்கமான பாடப்புத்தகம் இல்லை, ஆசிரியர்களே எழுதிய கணக்குத் தொகுப்புதான். ராத்திரி போட்டுப் பார்த்ததை மறுநாள் பலகையில் எழுதி, ஏன் அப்படிப் போட்டேன் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விடை தப்பினால் பரவாயில்லை, வாயே திறக்காவிட்டால்தான் சிக்கல், அதுவும் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வருடம் பேசிப் பழகியவர்கள். அந்தத் தொகுப்பு பள்ளியின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் முன் நாலு பக்கம் அச்செடுத்துக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளை ரசிக்கிறதா முகம் சுளிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் கூச்சமுள்ள பிள்ளை என்றால் என் ஓட்டு டீர்ஃபீல்டுக்கு (1797). சுமார் 650 பேர். வாரத்தில் பல வேளை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பாடு. யார் எந்த மேசை என்று பள்ளியே பிரித்துவிடும், அவ்வப்போது மாற்றியும் விடும், பரிமாறுவதும் மாணவர்கள்தான், முறை வைத்து. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்று 'எங்கே போய் உட்கார்வது' என்று முழிக்கிற அவஸ்தை பாதி தீர்ந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

குரோட்டன்? அருமையான பள்ளி, ஆனால் மொத்தமே நானூறுக்குக் கொஞ்சம் குறைவு, எட்டாம் வகுப்பிலேயே சேர்க்கை தொடங்கிவிடும், பத்தாவதில் மிஞ்சுவது சொற்ப இடம். விண்ணப்பம் போட்டு வையுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

சரி, ஒன்பதாவதையே அங்கே மறுபடி படித்தால்? நம்மவர்களுக்கு இது ஃபெயில் ஆன மாதிரித் தோன்றும், அங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளை, கணக்கில் அடித்தளம் ஆட்டம் காண்கிற பிள்ளை என்றால் தாராளமாகச் செய்யலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருடச் செலவு கூடுவதுதான் பலன்.

எந்த வழியில் போனாலும் பரிந்துரைக் கடிதம் கேட்பது இப்போதைய ஆங்கில, கணக்கு ஆசிரியர்களிடம். பெரும்பாலும் கெடு ஜனவரி நடுவில், முடிவு மார்ச் 10. செப்டம்பரில் புது ஹைஸ்கூலுக்குப் போன பிள்ளையை அந்த ஆசிரியர்கள் நாலு மாதம்போலத்தான் பார்த்திருப்பார்கள். எஸ்எஸ்ஏடி என்கிற சேர்க்கைத் தேர்வு கோச்சிங்குக்கு ஓடுவதற்கு முன், பிள்ளையை அந்த இரண்டு வகுப்பிலும் கையைத் தூக்கிப் பேசச் சொல்லுங்கள்.