தட்டைத் தலை: தலைக்கவசமா, கிடத்தும் முறையா?

குன்னூரில் ஐந்து மாதக் குழந்தையின் பின்தலை ஒருபுறம் தட்டையாகிவிட்டதென்று கலங்கும் பெற்றோர், முதலில் மண்டையோட்டின் இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளவில்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்படி மூடிக்கொள்வது முற்றிலும் வேறு நோய்.

தலையின் வடிவைச் சீராக்கும் தலைக்கவசத்தை நாளொன்றுக்கு 23 மணி நேரம் வீதம் பல மாதங்கள் அணிவிக்க வேண்டும். செலவு அதிகம், அளவு பார்க்க மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குப் பலமுறை செல்லவும் நேரலாம். நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் முழுமையாகச் சீரானவர்கள் கவசம் அணிந்தோரில் 26 விழுக்காடு, அணியாதோரில் 23 விழுக்காடு, வேறுபாடு அற்பமே. ஆனால் மிகக் கடுமையான தட்டைத்தன்மை அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

மற்றொரு வழியான கிடத்தும் முறைக்குப் பொறுமையே முதலீடு. விழித்திருக்கையில் குழந்தையைக் கண்காணிப்புடன் குப்புறக் கிடத்தலாம். நீலகிரிக் குளிரில் கம்பளிக்குள் பொதிந்தே வைக்காமல் மார்போடு அணைத்துத் தூக்கலாம். கழுத்துத் தசை இறுகியிருந்தால் இயன்முறைப் பயிற்சி அளிக்கலாம். உறங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்கட்டும். பாட்டிமார் அன்போடு தலையை அழுத்தி உருவிவிடுவதை மெல்லத் தடுத்துவிடுங்கள்.

தட்டைத்தன்மை மிதமாக இருந்தால் இந்த இரண்டாம் வழியையே நான் பரிந்துரைப்பேன். கடுமையாக இருந்து ஆறாம் மாதம் நெருங்கியும் மாற்றமில்லையெனில், கவசம் குறித்து மருத்துவரிடம் தாமதமின்றிப் பேசுங்கள்.