கைவைத்தியமா, ஒப்பரேஷனா? பைட்டெஸ்டுக்கு நம் கோப்பு தெரியாதபோது நான்கு வழிகள்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பி முறையான ஒருவன் போன் எடுத்தான். "அக்கா, எனக்கு ஆறும் பச்சையா வருது. ஒங்களுக்கு ஏன் வரல?" நான் ஹட்டனில், அவன் அனுப்பிய அதே கோப்புகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சிவப்பு வரியை முறைத்துக்கொண்டிருந்தேன்: மொடியூல் நொட் பவுண்ட் எரர், நோ மொடியூல் நேம்ட் கொழுந்து. கொழுந்து என்ற எங்கள் நிரல் தொகுதியைக் காணவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்த எடையிலிருந்து கூடைக்கும் மழை ஈரத்துக்கும் கழித்து, மீதியைப் பேர்க் கணக்கில் போடும் சின்ன பைதன் நிரல். தராசில் 21 கிலோ, கழிவு 2, நிகரம் 19. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டியது 18 கிலோ என்று நாங்களே வைத்துக்கொண்டதால் மேலதிகம் 1 கிலோ. இந்தக் கணக்கு பிசகக்கூடாது என்றுதான் ஆறு டெஸ்ட் எழுதினோம்; அவற்றை ஓட்டிப் பார்க்கும் கருவிதான் பைட்டெஸ்ட். சரி என்றால் பச்சை, பிசகினால் சிவப்பு. கழிவில் அரைக் கிலோ கூடினால் என்ன ஆகும் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தராசு முள்ளை யார் பார்க்கிறார் என்பது எங்கள் அம்மாமாரின் பழைய சண்டை.

அந்தச் சிவப்பு வரி, கணக்கு பிழை என்று சொல்லவில்லை. கணக்குப் பக்கம் பைட்டெஸ்ட் போகவே இல்லை என்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சரியாக இருந்த நிரலைத் திருத்தித் திருத்திக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் (ஒரு காலத்தில் நானும்தான்). பைட்டெஸ்ட் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 1 என்றால் டெஸ்ட் ஓடித் தோற்றது. 2 என்றால் பெரும்பாலும் கோப்புகளைச் சேகரிக்கும்போதே தடுக்கி நின்றது. 5 என்றால் ஒரு டெஸ்ட்கூடக் கண்ணில் படவில்லை. 2உம் 5உம் வந்தால் உடனே நிரலில் கைவைக்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் புரொஜெக்ட் அமைப்பில்தான் இருக்கும்.

எங்கள் அமைப்பு இதுதான்: மேலே ஒரு கோப்புறை, அதற்குள் எங்கள் நிரல் இருக்கும் கொழுந்து என்ற பெக்கேஜ், டெஸ்ட்ஸ் என்ற கோப்புறை, எடைப் பட்டியல்கள் கிடக்கும் டேட்டா கோப்புறை, அப்புறம் புரொஜெக்டின் அமைப்புகளை எழுதி வைக்கும் பைப்ரொஜெக்ட் டொமல் கோப்பு. பைட்டெஸ்ட் என்று மட்டும் அடித்து ஓடவிட்டால், அது டெஸ்ட் கோப்பு இருக்கிற கோப்புறையைத்தான், பைதன் மொடியூல்களைத் தேடும் பாதையின் தலையில் சொருகும். அதற்கு மேலே உள்ளதைச் சொருகாது. ஒரே லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) இருப்பது மாதிரித்தான் கொழுந்து இருக்கிறது, ஆனால் நடுச்சுவர் தாண்டி அதற்குத் தெரியாது. தம்பிக்கு ஏன் பச்சை? அவன் பைசார்மில் ஓடவிட்டான். பைசார்ம் புரொஜெக்டின் மேல் கோப்புறையைத் தானாகவே பாதையில் சேர்த்துவிடும். அவன் எதுவும் செய்யவில்லை, செய்தது எடிட்டர்.

இதற்கு ஊரில் புழங்கும் வழிகள் நான்கு. நாலையும் அதே புரொஜெக்டில் போட்டுப் பார்த்தோம், என் விண்டோஸ் லெப்டொப்பிலும், அவனுடைய உபுண்டுவிலும், கிட்ஹப்பில் தானாக ஓடும் மிஷினிலும்.

முதலாவது, எல்லாருக்கும் முதலில் கைக்கு வருவது: ஒவ்வொரு டெஸ்ட் கோப்பின் தலையிலும் சிஸ் பாத் என்ற அந்தத் தேடும் பாதைப் பட்டியலில் மேல் கோப்புறையைச் சேர்க்கும் ஒரு வரி. உடனே ஓடும். அதுதான் இதன் ஒரே பெருமை. ஆறு கோப்பு என்றால் ஆறு இடத்தில் அதே வரி. ஒரு கோப்பை உள்ளே இன்னொரு கோப்புறைக்கு நகர்த்தினால் அந்த வரி பொய்யாகிவிடும். இரட்டைப் புள்ளி மட்டும் போட்டு எழுதினால் இன்னும் மோசம், அது நீங்கள் எங்கே நின்று கட்டளை அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். நிரலின் நடையைச் சோதிக்கும் ப்ளேக்8 வைத்திருந்தால், அதற்குக் கீழே வரும் இம்போர்ட் எல்லாவற்றுக்கும் ஈ402 (இம்போர்ட் கோப்பின் தலையில் இல்லை) என்று முணுமுணுக்கும். கோளாறு பாதையில்தானா என்று சோதித்துப் பார்க்க ஒரு தடவை போடலாம். சோதித்ததும் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது இரட்டைப் பிள்ளை மாதிரி, இரண்டு உருவத்தில் வரும். ஒன்று, மேல் கோப்புறையில் கொன்ப்டெஸ்ட் என்ற பெயரில் ஒரு காலி பைதன் கோப்பை வைப்பது. பைட்டெஸ்ட் அதையும் படிக்க வேண்டியிருப்பதால், அது இருக்கும் கோப்புறை பாதையில் ஏறிவிடும். மற்றது, பைட்டெஸ்ட் என்று அடிக்காமல் பைதன், ஹைபன் எம், பைட்டெஸ்ட் என்று அடிப்பது. அப்போது நாம் நிற்கும் கோப்புறையைப் பைதனே பாதையில் சேர்க்கும். இந்த இரண்டாவது உருவத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. காரணம் பாதை இல்லை. விண்டோஸில் இரண்டு மூன்று பைதன் ஏற்றி வைத்திருப்பவர்கள் அதிகம். பைட்டெஸ்ட் ஒரு பைதனிலும் மற்ற லைப்ரரிகள் இன்னொரு பைதனிலும் கிடக்கும். ஹைபன் எம் போட்டால் எந்தப் பைதனைக் கூப்பிட்டோமோ அதே பைதன்தான் டெஸ்டையும் ஓட்டும். "மொடியூல் இல்லை" என்று அழுபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒன்றே போதும் என்பது என் அனுபவம்.

காலிக் கோப்பு வழி எனக்குப் பிடிக்காது. வேலை செய்யும், ஆனால் ஏன் செய்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. துப்புரவுக் குணம் உள்ள யாராவது "இது வெறுங்கோப்பு" என்று அழித்துவிடுவார்கள். டெஸ்ட்ஸ் கோப்புறைக்குள் ஒரு காலி இனிட் கோப்பு வைத்தாலும் இதே மாயம் நடக்கும்; அதையும் இதே காரணத்துக்காகத்தான் ஒதுக்குகிறேன்.

மூன்றாவதுதான் எங்கள் ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது. பைப்ரொஜெக்ட் டொமல் கோப்பில் பைட்டெஸ்டுக்கான பகுதியில் பைதன்பாத் என்று ஒரு வரி: மேல் கோப்புறையைப் பார் என்று சொல்ல ஒற்றைப் புள்ளி போதும். எங்கே நின்று ஓட்டினாலும் பாதை புரொஜெக்டின் வேரிலிருந்தே அளக்கப்படும். வரி கோப்பில் இருப்பதால் கிட் வழியாக எல்லோருக்கும் போகும். எழுதினேன், ஓட்டினேன், அதே சிவப்பு.

எழுத்துப் பிழையா என்று நாலு தடவை பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் பைட்டெஸ்ட் ஓடத் தொடங்கும்போது தலையில் அச்சடிக்கும் வரிகளை வாசித்தேன். வழக்கமாக யாரும் அவற்றை வாசிப்பதில்லை. அங்கே ரூட்டிர் (புரொஜெக்டின் வேர்) என்ற இடத்தில் சரியான கோப்புறை இருந்தது. கொன்பிக்பைல் (அமைப்புக் கோப்பு) என்ற இடத்தில் பைப்ரொஜெக்ட் இல்லை. பைட்டெஸ்ட் டொட் இனி என்ற கோப்பின் பெயர் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஏதோ முயற்சியில் நானே உருவாக்கி, ஒன்றும் எழுதாமல் விட்ட கோப்பு. சைபர் பைட். பைட்டெஸ்டின் விதிப்படி அந்தப் பெயரில் கோப்பு இருந்தால், காலியாக இருந்தாலும் அதற்குத்தான் முதல் மரியாதை. பைப்ரொஜெக்டை அது திரும்பியும் பார்க்காது. அழித்தேன். ஆறும் பச்சை.

இதே வழியில் இன்னும் இரண்டு பள்ளம் உண்டு. 9ஆம் பதிப்புக்கு முந்தைய பைட்டெஸ்டில், பைப்ரொஜெக்டில் உள்ள பகுதித் தலைப்பு டூல், பைட்டெஸ்ட், இனி ஒப்ஷன்ஸ் என்று முழுதாக இருக்க வேண்டும். கடைசித் துண்டை விட்டால் சத்தமே போடாமல் உங்கள் அமைப்பைத் தள்ளிவிடும். மற்றது, பைதன்பாத் என்ற இந்த வசதி 2022இல் வந்த 7ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. தம்பியின் உபுண்டு 22.04இல் அதன் சொந்த ஏற்றியான ஏபிடி வழியாக ஏற்றிய பைட்டெஸ்ட் 6.2.5. அது "தெரியாத அமைப்பு" என்று மஞ்சளில் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, பழையபடி சிவப்புக்குப் போனது. மஞ்சளை யார் வாசிக்கிறார்கள்? வேர்ச்சுவல் என்விரன்மென்ட் (புரொஜெக்டுக்கென்று தனிப் பைதன் சூழல்) ஒன்றைத் திறந்து, அதற்குள் புதிய பைட்டெஸ்டைப் பைதனின் ஏற்றியான பிப் வழியாக ஏற்றிய பிறகுதான் சரிவந்தது.

சரி, நான்காவது. ஒப்பரேஷன் என்றேனே, அது இது. நம் புரொஜெக்டையே ஒரு பெக்கேஜாகப் பாவித்து, பிப் இன்ஸ்டோல், ஹைபன் ஈ, ஒற்றைப் புள்ளி என்று ஏற்றுவது. ஈ என்றால் திருத்தக்கூடிய ஏற்றம்: நகல் எடுக்காது, நம் கோப்புறையைச் சுட்டிக்காட்டி வைக்கும். நிரலைத் திருத்தினால் உடனே டெஸ்டுக்குத் தெரியும். முன்பு இதற்கு செட்டப் பைதன் கோப்பு கட்டாயம். 2021இல் வந்த பிப் 21.3உம், பெக்கேஜைக் கட்டித் தரும் செட்டப்டூல்ஸில் 2022இல் வந்த 64ஆம் பதிப்பும் (அல்லது பிந்தியவை) இருந்தால் பைப்ரொஜெக்ட் மட்டும் போதும்.

முதல் தடவை ஏற்றும்போதே செட்டப்டூல்ஸ் முரண்டு பிடித்தது: மேல்மட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெக்கேஜ், கொழுந்து, டேட்டா என்று. எடைப் பட்டியல்கள் கிடந்த டேட்டா கோப்புறையை அது பெக்கேஜ் என்று நினைத்துவிட்டது. டெஸ்ட்ஸ் என்ற பெயரை அது தானாக ஒதுக்கும், டேட்டாவை ஒதுக்காது. பெக்கேஜ் பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் கொழுந்தை எஸ்ஆர்சி என்ற கோப்புறைக்குள் தள்ளினோம்; பிறகு சத்தமில்லை.

அப்படித் தள்ளியதும் மேலே சொன்ன இரண்டாவது வழி செத்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். மேல் கோப்புறை பாதையில் இருந்து பயனில்லை, கொழுந்து இப்போது ஒரு படி உள்ளே. மூன்றாவது வழிக்காரர் புள்ளியை எடுத்துவிட்டு எஸ்ஆர்சி என்று எழுதினால் பிழைத்தார். நான்காவது வழிக்காரர் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இன்னொரு தடவை ஏற்ற வேண்டும்.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் டெஸ்டுக்கு வெளியேதான் தெரியும். பைதன்பாத் வரி பைட்டெஸ்டுக்கு மட்டுமே பேசும். அறிக்கை அச்சிடும் ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டினால் அதே மொடியூல் நொட் பவுண்ட் திரும்ப வரும். டெஸ்ட் பச்சை, வேலை சிவப்பு. ஏற்றிவிட்டால் எல்லாருக்கும் தெரியும்: டெஸ்ட், ஸ்கிரிப்ட், நோட்புக்.

ஆனால் நான்காவதிலும் ஒரு பொறி இருக்கிறது, அதில் தம்பி விழுந்தான். ஹைபன் ஈயை மறந்து வெறும் இன்ஸ்டோல் அடித்துவிட்டான். அப்போது பைதன் ஏற்றியவற்றை வைக்கும் சைட் பெக்கேஜஸ் கோப்புறைக்குள் ஒரு நகல் போய் உட்காரும். அவன் மழைநாள் கழிவை 2இலிருந்து 3 ஆக்கிப் பார்த்தான். நிகரம் 19 என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. ஆறும் பச்சை. பழைய நகலைத்தான் அது சோதித்துக்கொண்டிருந்தது. நேற்றைய எடைத் துண்டைப் பார்த்து இன்றைய எடையை எழுதுவது மாதிரி. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம்: அமைப்பைச் சரிசெய்து பச்சை வந்ததும் நிரலில் வேண்டுமென்றே ஓர் எண்ணைக் கெடுத்து, சிவப்பு வருகிறதா என்று பார்ப்போம். வந்தால்தான் அமைப்புச் சரி.

கிட்ஹப் மிஷினில் மட்டும் ஹைபன் ஈ இல்லாமல் வேண்டுமென்றே முழுதாக ஏற்றுகிறோம். அங்கே ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குவதால் பழைய நகல் பயம் இல்லை. பெக்கேஜில் சேர்க்க மறந்த பட்டியல் கோப்பு இருந்தால், அதைத் தேடும் டெஸ்ட் அங்கேதான் தோற்கும். திருத்தக்கூடிய ஏற்றம் அந்தக் குறையை மறைத்துவிடும். இன்னொன்றும் அங்கே அகப்பட்டது: பட்டியல் கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, அதைத் திறக்கும் வரியில் சின்னது. விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை, லினக்ஸ் விடவில்லை.

எதை எடுப்பது என்று கேட்டால்: பாடசாலை ஒப்படை, ஐந்தாறு கோப்பு, நீங்கள் மட்டும் ஓட்டுவது என்றால் மூன்றாவது போதும், அதற்கு மேல் எதுவும் ஆடம்பரம். இரண்டாவது ஆள் அந்த நிரலைத் தொடப் போகிறார் என்றால் தயங்காமல் நான்காவது. எடிட்டரை நம்பி விடுவதை நான் வழிகளில் சேர்க்கவே இல்லை. அந்த அமைப்பு உங்கள் மிஷினிலேயே தங்கிவிடும், யாருக்கும் அனுப்ப முடியாது.

நான்காவதுக்கு எதிராக எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு நியாயமான வாதம் உண்டு: இணைய டேட்டா. ஏற்றும்போது பிப் தனியாக ஒரு கட்டுமானச் சூழலைத் திறந்து அதற்குள் செட்டப்டூல்ஸைப் போடும். அதற்கு இணையம் வேண்டும். சிறிய கோப்புதான், ஆனால் பனிமூட்டத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது சிறியது பெரியது என்றில்லை, பாதியில் அறுந்துவிடும். செட்டப்டூல்ஸை முன்கூட்டியே என்விரன்மென்ட்டுக்குள் ஏற்றி வைத்துவிட்டு, நோ பில்ட் ஐசொலேஷன் என்ற தெரிவோடு ஏற்றினால் அதற்காக வெளியே போகாது. பைதன் 3.12 முதல் புதிய என்விரன்மென்ட்டில் செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை, அதனால் முன்கூட்டியே என்பது முக்கியம்.

தம்பியின் மிஷினில் புதிய செட்டப்டூல்ஸ் இன்னும் இல்லை. சிக்னல் நல்லா இருந்த ஒரு காலையில் செட்டப்டூல்ஸின் வீல் கோப்பை (ஏற்றத் தயாராகக் கட்டிய கோப்பை) இறக்கிப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை டவுனுக்கு வருகிறானாம், வாங்கிக்கொண்டு போவான். அதுவரை அவனுக்கு மூன்றாவது வழி, பைதன்பாத் வரியில் எஸ்ஆர்சி.