ஃபேன்டேசியா: 1940-ஆ, 2000-ஆ?

பிள்ளைகளோடு பார்க்க ஏதாவது ஒன்றுதான் என்றால், 1940-இல் வந்த டிஸ்னியின் பழைய இசைக் கார்ட்டூன் படமான ஃபேன்டேசியாவையே போடுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் தொய்வும் உண்டு. அது தெரிந்துதான் சொல்கிறேன். அதன் தொடர்ச்சியாக வந்த ஃபேன்டேசியா 2000 ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்; வண்ணம், ஒலித் துல்லியம் எல்லாவற்றிலும் அதுவே மேல். இதில் வாதிட ஒன்றுமில்லை.

இரண்டும் ஒரே அச்சு. நிஜ வாத்தியக் குழு திரையில் வரும், யாராவது அறிமுகம் சொல்வார்கள், பிறகு இசைக்கு ஏற்ற கார்ட்டூன். பழையதில் நடத்துனர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியும் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவும். புதியதில் நடத்துனர் ஜேம்ஸ் லெவைனும் சிகாகோ சிம்ஃபொனியும். வாசிப்பில் இரண்டுமே சோடை போகவில்லை.

வித்தியாசம் நடுநடுவே வரும் மனிதர்களிடம் இருக்கிறது. கார்ட்டூன் பகுதிகளில் பேச்சு கிட்டத்தட்ட இல்லை என்பதால் மொழி தடையாகாது, அறிமுகங்கள்தான் ஆங்கிலம். புதியதில் ஸ்டீவ் மார்ட்டின், பெட் மிட்லர் என்று பிரபலங்கள் வந்து ஜோக் அடிக்கிறார்கள். அவர்கள் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். மொழிபெயர்த்தாலும் சிரிப்பு வராது.

பழையதில் அறிமுகம் சொல்லும் டீம்ஸ் டெய்லர் விஷயத்தை மட்டும் சொல்கிறார்: கதை சொல்லும் இசை, காட்சியை வரையும் இசை, இசைக்காகவே இசை என மூன்று வகை. அதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் நாலு வரியில் சொல்லிவிடலாம். இது படத்துக்குச் செய்யும் துரோகமுமில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் வந்த பிரதிகளில் டெய்லரின் குரலே அவருடையதல்ல. பழைய ஒலிப்பதிவு கெட்டுப்போனதால் கோரி பர்ட்டன் என்ற குரல் கலைஞர் பேசியிருக்கிறார்.

ஆனால் படத்தை ஓடவிடுங்கள். கருநிழலாக வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்து சுருதி சேர்க்கும் இடம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இடைவேளைக்குப் பின் 'சவுண்ட் டிராக்' என்று ஒரு செங்குத்துக் கோடு கூச்சத்தோடு வந்து நிற்கும். யாழ் வாசித்தால் ஒரு மாதிரி அதிரும், வயலினுக்கு வேறு மாதிரி, ட்ரம்பெட்டுக்கு இன்னொரு மாதிரி. வாத்தியங்களைப் பிரித்துக் கேட்க இவ்வளவு எளிமையான பாடம் புதியதில் இல்லை.

புதியது இசையை அவசரமாகவும் நறுக்குகிறது. பீத்தோவனின் 5-வது சிம்ஃபொனியின் முதல் பகுதி வழக்கமாக 7 நிமிடத்தைத் தொடும். இங்கே 3 நிமிடம்கூட இல்லை. மெட்டு காதில் ஊறுவதற்குள் முடிந்துவிடும். பழையதும் யோக்கியமில்லைதான். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' இசையை வெட்டி, வரிசையையும் மாற்றினார்கள். இருந்தும் 20 நிமிடத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது. (அதில் டைனோசர்கள் வறட்சியில் சாகும், டைரனோசரஸுக்கு மூன்று விரல். விண்கல்லையும் இரண்டு விரலையும் படித்திருக்கும் பிள்ளை நிச்சயம் ஆட்சேபிக்கும்.)

மொத்தமாக ஒரே மூச்சில் போடாதீர்கள். முதல் நாள் 'மந்திரவாதியின் சீடன்', அடுத்து நீர்யானைகளும் முதலைகளும் ஆடும் 'மணிகளின் நடனம்'. இரண்டும் சேர்ந்து 20 நிமிடத்துக்குச் சற்று மேல். 'மந்திரவாதியின் சீடனில்' மிக்கி துடைப்பத்தைக் கோடரியால் சிதைத்ததும் இசை அடங்கும். பிறகு அடிக்குரலில் காண்ட்ராபசூன் என்ற ஊதுகருவி முனகும். தரையில் கிடக்கும் சிலாம்புகள் அசைந்து எழுவது அந்த முனகலுக்குத்தான். டிவியில் ஆட்டோ வால்யூமை அணைத்துவைக்காவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். 'நட்கிராக்கர்' இரண்டாம் நாளுக்கு.

பழைய படம் கிட்டத்தட்ட 4:3 சட்டகம். இன்றைய அகல டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். ஜூம் போட்டால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். மந்திரவாதியின் தொப்பி நுனியே தெரியாது.

புதியதிலிருந்து தனியாக எடுத்துப் போட இரண்டு உண்டு: யோ-யோ வைத்திருக்கும் ஃபிளமிங்கோ, முடிவில் வரும் 'நெருப்புப் பறவை'. ஃபேன்டேசியா 2000 ஐமேக்ஸ் பெருந்திரைக்காகவே 2000 ஜனவரி 1-இல் வெளியான படம். டிவியில் வைத்து எடைபோடுவது அதற்குக் கொஞ்சம் அநியாயம்தான். பெரிய திரை கிடைத்தால் திமிங்கிலங்கள் பறக்கும் பகுதிக்காகவே என் கணக்கு மாறக்கூடும்.

6 வயதுக்குக் கீழே இருந்தால் பழையதின் கடைசிப் பகுதியான 'மொட்டை மலை இரவு' வேண்டாம். போட்டால் முழுக்கப் போடுங்கள். கோயில் மணி அடித்து, பூதம் சுருண்டு, 'ஆவே மரியா' தொடங்கி, விளக்கேந்தியவர்கள் வரிசையாக நடந்துபோகும்வரை. பாதியில் நிறுத்தினால் அந்தப் பூதம் மட்டும்தான் பிள்ளையோடு படுக்கப் போகும்.