‘அன்லிமிடெட்’ சர்வர் என்று சொல்லி ₹42,000 வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார்கள்: பள்ளிகளும் சிறு குழுக்களும் எச்சரிக்கையாக இருக்கவும்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் இணையதளத்தின் சர்வர் சுமையைக் குறைத்துத் தருவதாகக் கூறி ₹42,000 பெற்றுக்கொண்ட ஒரு ஹோஸ்டிங் மறுவிற்பனை நிறுவனம் (இணையதளங்களை வைக்கும் சர்வர் இடத்தை வாங்கி விற்பவர்கள்), செய்து முடித்துவிட்டதாகச் சொன்ன வேலையைச் செய்யவே இல்லை. பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறது. புகார் கொடுக்கவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெரிய கோப்புகளைப் பதிவிறக்கத்துக்கு வைத்திருக்கும் வேறு யாரும் இவர்களைப் போன்றவர்களிடம் சிக்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரியில் இணையம் நிலையாகக் கிடைக்காத பள்ளிகளுக்காக, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தொகுப்பை உருவாக்கினோம். பாடக் காணொளிகள், பயிற்சித்தாள்கள், அகராதி என அனைத்தும் அடங்கிய 4 ஜிபி கோப்பு அது. ஒரு முறை இறக்கிக்கொண்டால் அதன்பின் இணையமே தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் எல்லா ஆசிரியர்களும் ஒரே வேளையில் இறக்கத் தொடங்கியதால் சர்வர் திணறி, முகப்புப் பக்கம்கூடத் திறக்காமல் போனது. அப்போதுதான் இந்த நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது.

பேசியவர் இளைஞர். எடுத்த எடுப்பில் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தப் பள்ளிகளுக்காக இதைச் செய்கிறோம், யார் பணம் போடுகிறார்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான் கோத்தகிரி என்றதும், “எங்க அம்மா ஊர் அரவேணுதாங்க டீச்சர், சின்ன வயசுல லீவுக்கெல்லாம் அங்கதான் இருப்பேன்” என்றார். பிறகு தம் கணினித் திரையை எனக்குக் காட்டி, ஒரு வரைபடத்தில் ஏறிக்கொண்டே போன சிவப்புக் கோடு சட்டென்று இறங்கும் இடத்தைச் சுட்டி, வேறொரு கல்வி நிறுவனத்துக்குத் தாங்கள் செய்துகொடுத்த வேலை என்று விளக்கினார். எங்களுக்கு வரம்பற்ற பேண்ட்வித்தும் (தகவல் அனுப்பும் அளவு), கோப்பின் பிரதிகளைப் பல நகரங்களில் வைத்து அருகிலிருக்கும் சர்வரிலிருந்து அனுப்பும் சிடிஎன் வசதியும் ஓராண்டுக்குத் தருவதாகச் சொன்னார். “பிள்ளைங்க படிக்கிற விஷயம், இதுல நான் லாபம் பார்க்க மாட்டேன் டீச்சர்” என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் குழுவில் எல்லாருடைய மனமும் இளகியது. நிறுவனக் கணக்கில் தணிக்கை நடக்கிறது என்று காரணம் சொல்லித் தனிநபர் பெயரில் ஓர் எண் கொடுத்தார். பழைய மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் நூறும் ஐந்நூறுமாகக் கொடுத்துச் சேர்ந்த ₹42,000 முழுவதையும் அந்த எண்ணுக்கு அனுப்பினோம்.

தளத்தைத் தங்கள் சர்வருக்கு மாற்றினார்கள். முதல் சில நாட்கள் அது வேகமாகத் திறந்தது. பிறகு முன்பைவிட மோசமானது. தேவாலா பக்கத்து ஆசிரியை ஒருவர், பள்ளி அலுவலகத்தில் மாலைவரை காத்திருந்து 97 சதவீதம் வரை இறக்கிய பிறகு, மழையில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பார்த்தால், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. அவர் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பழைய சர்வரில் இருந்தவரை இந்தக் குறை வந்ததில்லை.

இதைச் சொல்லி அழைத்தபோது, “டிக்கெட் போட்டிருக்கோம் டீச்சர், டெக்னிக்கல் டீம் பார்க்கிறாங்க” என்றார்கள். அடுத்த முறை, உங்கள் பிரவுசரின் கேஷை (அது சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை) அழியுங்கள் என்றார்கள். அதற்கும் அடுத்த முறை பேசிய பெண், மலைப்பகுதி நெட்வொர்க் அப்படித்தான் இருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது என்றார். மலைப்பகுதி நெட்வொர்க் இப்படி இருப்பதால்தானே உங்களிடம் வந்தோம் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அரவேணுக்காரர் என்று சொல்லிக்கொண்டவர் என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கோவையில் கணினித் துறையில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் வந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கறுப்புத் திரையில் எங்கள் தளத்தின் முகவரியையும், சிடிஎன் என்று அவர்கள் கொடுத்திருந்த முகவரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டினான். இரண்டுக்கும் ஒரே ஐபி எண் (இணையத்தில் ஒரு சர்வரை அடையாளம் காட்டும் எண்) வந்தது. பல நகரங்களில் பிரதிகள் என்று சொன்னதெல்லாம் பொய். அதே சர்வருக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வைத்ததற்குத்தான் நாங்கள் ₹42,000 கொடுத்திருக்கிறோம்.

வரம்பற்றது என்ற வார்த்தைக்கும் பொருள் கிடையாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டினான். அந்த சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), அதாவது நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்). அந்தக் கணக்கில் 4 ஜிபி கோப்பு ஒன்று வெளியேற 320 நொடி ஆகும். இரவு பகலாக ஒரு நொடி விடாமல் அனுப்பினாலும் ஒரு நாளில் 270 பிரதிகளுக்கு மேல் போக வழியே இல்லை. அதையும் ‘நியாயமான பயன்பாட்டு விதி’ என்று ஒன்றைக் காட்டி, எங்களுக்குச் சொல்லாமலேயே 10 எம்பிபிஎஸ் ஆகக் குறைத்திருந்தார்கள். அப்படியானால் நாளுக்கு 27 பிரதிகள். பள்ளிப் பிள்ளைகளுக்கான வேலை என்று தெரிந்தே இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சர்வர் திணறியதற்கான காரணமும் அவர்கள் சொன்னது அல்ல. ப்ராசஸர் போதவில்லை என்றுதான் அவர்கள் விற்றார்கள், ஆனால் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாவே இருந்தது. பக்கங்களையும் கோப்புகளையும் அனுப்பும் அப்பாச்சி என்ற மென்பொருள் எங்கள் சர்வரில் அமைக்கப்பட்டிருந்த முறையில், இறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ராசஸ் (தனியாக ஓர் இடம்) ஒதுக்கப்பட்டு, கோப்பு போய்ச் சேரும்வரை அது விடுபடாது. மொத்த வரம்பு 150. மலையில் மெதுவான இணைப்பில் ஒருவர் மணிக்கணக்காக இறக்கும்போது அந்த இடம் அத்தனை நேரமும் அடைபட்டிருக்கும். சிலர் டவுன்லோடு மேனேஜர் வைத்து ஒரே கோப்புக்கு எட்டுத் தொடர்புகள் திறக்கிறார்கள். 150 இடமும் நிரம்பியதும், முகப்புப் பக்கத்தை மட்டும் பார்க்க வந்தவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த நிலையில் இந்த நிறுவனத்தார், எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணிக் காட்டுவதற்காகக் கோப்பைத் தாங்களே பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு நிரல் வழியாக அனுப்பும்படி மாற்றியிருக்கிறார்கள். கோப்பின் நடுவிலிருந்து கேட்டால் அங்கிருந்து கொடுக்கும் வேலையை அப்பாச்சி தானாகவே செய்யும். இவர்களுடைய நிரலில் அது எழுதப்படவே இல்லை. தேவாலா ஆசிரியையின் 97 சதவீதம் வீணானது இதனால்தான்.

அந்த மாணவன் ஒரு ரூபாய் வாங்காமல் சரிசெய்து கொடுத்தான். ஆயிரக்கணக்கான தொடர்புகளைக் குறைந்த நினைவகத்தில் தாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை எங்கள் பழைய சர்வரில் நிறுவி, பிஎச்பி நிரலை எடுத்துவிட்டு, ஒரு ஐபிக்கு இரண்டு தொடர்பு என்று வரம்பு வைத்தான். ஒரே கோப்பைப் பாடவாரியாகப் பிரித்தோம். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் கட்டணமின்றி ஒரு பிரதி ஏற்றினோம்; அங்கே டாரண்ட் கோப்பும் தானாகவே உருவாகிவிடுவதால், இறக்கியவர்களே மற்றவர்களுக்குப் பகிரவும் வழி ஏற்பட்டது.

எல்லாவற்றையும் ஆதாரத்துடன் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அமைப்புக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று ஒரு வரிப் பதில் வந்தது. ₹42,000 முழுவதுமே அமைப்புக் கட்டணமாம். அவர்கள் அனுப்பிய ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் அப்படி ஓர் எண்ணே இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீது வருமுன்பே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று சொன்னால் இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ், எவ்வளவு தாண்டினால் குறைப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சிடிஎன் என்று கொடுத்தால் இரண்டு முகவரியின் ஐபி எண்ணையும் அன்றே பாருங்கள். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. ₹5 லட்சம் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உதகையில் கொடுப்பதற்கான தாள்களைத்தான் இப்போது தயார்செய்துகொண்டிருக்கிறேன். இதே நிறுவனம் என்று தோன்றுகிறவர்கள் பணம் அனுப்பிய விவரத்தையும் அவர்களுடன் பேசிய பதிவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.