நடிக்கும் நோயாளியா, நிஜ நோயாளியா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துதான் மருந்தாளராக வேலை பார்க்க முடியும். சரி, அதற்கு மாணவரைத் தயார் செய்ய எது நல்லது: ஒருவர் நோயாளியாக நடிக்கும் ஒத்திகை அறையா, நிஜ நோயாளிகள் வரும் மருந்துக்கடை கவுன்டரா?

ஒத்திகையின் பெரிய பலம், அங்கே தவறு செய்யலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வாரம் ஒரு முறைதான். தினமும் என்று சொல்லிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நடிப்பவரிடம் அப்படிச் சொன்னால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய தேர்வுமுறையும் இப்படித்தான்: எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே கேள்வி, ஒரே நேர அளவு. மதிப்பீடு நியாயமாக இருக்கும்.

ஆனால் கவுன்டரில் யாரும் வசனம் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு பாட்டி, "தம்பி, சர்க்கரைக்கு வெந்தயம் சாப்பிடுறேன், இந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்பார். மெட்ஃபார்மின் என்ற அந்தச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கணும் என்பது மாணவருக்குத் தெரியும். பாட்டியின் மனம் நோகாமல், நிறுத்தக்கூடாது என்று தமிழில் எடுத்துச் சொல்வது வேறு வேலை. பின்னால் வரிசை வேறு நிற்கும். அப்புறம், பக்கத்தில் நிற்கும் மூத்த மருந்தாளர் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்பதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

ஆபத்தான மருந்துகளுக்கு ஒத்திகைதான் முதலில் வேண்டும். மீதி நேரத்தில் பெரும்பகுதியை நான் கவுன்டருக்கே கொடுப்பேன், அதிலும் நம் முதியவர்கள் அதிகம் வரும் இடங்களில்.