கல்லூரி நூலகப் பணியாளர்களுக்கு ‘ஆக்சஸ் டு வொர்க்’ எவ்வளவு உதவுகிறது?

மாற்றுத்திறனாளிகளும் உடல்நல, மனநலப் பாதிப்பு உள்ளோரும் வேலைசெய்யத் துணைபுரியப் பிரித்தானிய அரசு 1994 முதல் நடத்திவரும் ‘ஆக்சஸ் டு வொர்க்’ உதவித் திட்டத்தை, ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைச்செயல்பாடு), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) ஆகியவை உள்ள கல்லூரி நூலகப் பணியாளர்களின் தேவையை முன்வைத்து மதிப்பிடுகிறேன். இதில் நான் மிக உயர்வாகக் கருதுவது பணிப் பயிற்சியாளருக்கான நிதியுதவிதான். இரைச்சல் மிகுந்த சேவை மேசை, திடீரென மாறும் பணிநேர அட்டவணை, வாய்மொழியாக மட்டும் தரப்படும் அறிவுறுத்தல் போன்றவற்றால் திணறும் ஒருவர், தமக்கேற்ற வேலைமுறையை வகுத்துக்கொள்ளப் பயிற்சியாளர் துணைநிற்கிறார். எழுத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கும் உதவி கிடைக்கும். அத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. மருத்துவச் சான்று கட்டாயமில்லை என்பது, பரிசோதனைக்காக நெடுங்காலம் காத்திருப்போருக்கு உண்மையிலேயே பெரும் ஆறுதல்.

பெரிய குறை தாமதம். விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதால் முடிவு வர மாதக்கணக்காகிறது. அதற்குள் மாணவர் கூட்டம் மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கடந்துவிடக்கூடும்.

நிதி வரட்டும் என்று நூலகத் தலைமை கைகட்டி இருப்பதை ஏற்க முடியாது. நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பணியளிப்பவர்மீதே சுமத்துகிறது. மேசைப்பணி நேரங்களை முன்கூட்டியே எழுத்தில் தரவும், இடையில் அமைதியான அறையில் ஓய்வெடுக்க அனுமதிக்கவும் பெருஞ்செலவு ஆகாது. பணியில் சேரவிருப்போரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், நியமனக் கடிதம் கிடைத்த உடனேயே தொடங்குவது நல்லது.